அடுக்கை எண்ணினால் ஆண்டு கிடைக்குமா?

பொம்மையார்பாளையத்தின் செம்மண் ஓடைகளைத் தேடி வருகிறவர்கள் பலர். அங்கிருந்து மேற்கே, வானூர் வட்டத்தை ஒட்டிப் புதுச்சேரியைச் சேர்ந்த கரசூர் இருக்கிறது. அந்த ஊரின் பெயரால் அறியப்படும் சுண்ணாம்புப் பாறை, டைனோசர்கள் அழிந்த பின் வந்த பாலியோசீன் காலத்தில் ஆழமற்ற கடலில் படிந்தது.

இத்தகைய பாறை அடுக்குகளைக் காலக் கடிகாரமாகப் படிக்கும் முறைக்கு உறுதியான அடிப்படை உண்டு. பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டுக்கு ஒருமுறை தள்ளாடித் திரும்புகிறது; சுற்றுப்பாதையும் மெல்லத் திரும்புவதால், பருவங்களில் அதன் விளைவு சுமார் 20,000 ஆண்டுச் சுழற்சியாகிறது. அதன் சாய்வு 41,000 ஆண்டுகளில் கூடிக் குறைகிறது. சுற்றுப்பாதையின் நீள்வட்டத் தன்மை சுமார் 1,00,000, 4,05,000 ஆண்டுச் சுழற்சிகளில் மாறுகிறது. இவற்றால் வெயில் மாறினால் கடல்மட்டமும் படிவும் மாறும். தென் இந்தியப் பெருங்கடலின் ஆழத்திலிருந்து எடுத்த படிவுகளில் ஹேஸ், இம்ப்ரி, ஷேக்கிள்டன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1976இல் இதைக் காட்டினார்கள். கதிரியக்க முறையின் பிழை எல்லையே பல்லாயிரம் முதல் லட்சக்கணக்கான ஆண்டு வரை இருக்கும் தொல்காலத்தில், ஆயிரக்கணக்கில் நேரம் சொல்ல வேறு வழி அரிது. முறையின் பெருமை இதுதான்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஆழ்கடலில் சேறு பெரும்பாலும் இடைவிடாமல் படியும். ஆழமற்ற கடலிலோ மட்டம் இறங்கினால் தரை வெளியே வந்துவிடும். படிவு நிற்கும், இருந்ததும் கரையும். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பதிவேட்டின் பக்கங்கள் கிழிந்துபோகின்றன. வானிலிருந்து எந்தத் தூண்டுதலும் இல்லாமலே அடுக்கு பிறக்கவும் முடியும்: பாசியும் சிப்பியும் சேர்ந்து உருவாக்கும் திட்டு நீர்மட்டத்தைத் தொட்டதும் வளர்ச்சி நிற்கும், தரை மெல்ல அமிழ்ந்ததும் மீண்டும் தொடங்கும்.

இத்தாலியின் லாட்டெமார் மலை இதற்குப் பெரிய பாடம். 1980களில் அங்குள்ள 500க்கும் மேற்பட்ட டிரயாசிக் காலச் சுண்ணாம்பு அடுக்குகளை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் 20,000 ஆண்டு என்று வைத்தார்கள். கணக்கு 1 கோடி ஆண்டைத் தாண்டியது. எரிமலைச் சாம்பலிலிருந்த சிர்க்கான் படிகங்களின் வயதோ அதில் பாதியைக்கூடத் தரவில்லை. விவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. எண்ணிக்கையில் பெரிய குறையில்லை; ஓர் அடுக்குக்கு இத்தனை ஆண்டு என்ற ஊகம்தான் ஆட்டம் கண்டது.

ஆகவே கரசூரிலும், சுமார் 7 கோடி ஆண்டுப் பழமையுள்ள அரியலூர்க் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்பிலும் அடுக்கை மட்டும் எண்ணி ஆண்டு சொல்வது துணிச்சலாகாது, அவசரமாகும். நுண்ணுயிர்ப் புதைபடிவங்கள், ஐசோடோப்புகள் ஆகியவற்றைக் கொண்டு வயதை முதலில் கட்ட வேண்டும்; சுற்றுப்பாதைக் கணக்கு அதற்குப் பின்னால் வர வேண்டும். 20,000 ஆண்டு அடுக்கைவிட, தொல்காலத்திலும் நிலையாக இருக்கும் 4,05,000 ஆண்டுச் சுழற்சியைத் தேடுவது பாதுகாப்பானது.

அரியலூரில் இந்தச் சுண்ணாம்பைச் சிமெண்டுக்காக வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். சுரங்கங்களில் புதிதாகத் திறக்கும் ஒவ்வொரு முகப்பையும், அது மறைவதற்கு முன், அடுக்கு அடுக்காக அளந்து மாதிரி எடுத்து வைப்பதே இப்போதைய உடனடித் தேவை.