உமி நீக்கிய வரி

சாமையை உரலில் குத்திப் புடைத்தால்தான் அரிசி கண்ணில் படும். அறிவியல் பத்தியும் அப்படித்தான்.

குண்டூர் நாடு உள்ளிட்ட கொல்லிமலை நாடுகளைப் பற்றி எழுதுகிறோம் என்று வையுங்கள். சாமையின் உமி கடினம். அதைக் குத்துவது பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலை. மரவள்ளியை விற்றால் சேகோ ஆலைக் காசு கைக்கு வரும். 1990களிலிருந்து அங்கே பணியாற்றும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர்களுக்கு அரவை இயந்திரம் கொண்டுவந்தது. நாலும் உண்மை. படிப்பவரோ, “சரி, அதனால்?” என்பார்.

“உமி நீக்கும் பாடும் மரவள்ளிப் பணமும் சேர்ந்து சாமையைக் குறைத்தன” என்று முதலில் ஒரு வரி வையுங்கள். முதல் மூன்றும் தாமாக அதன் பின்னால் வரிசை கட்டும். இயந்திரம் மட்டும் ஒட்டாது; அது மீட்சியின் கதை, அடுத்த பத்திக்கு உரியது. எது வேண்டும் என்பதோடு எது வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுவதுதான் அந்த வரியின் அழகு.

நூற்பாவை முன்வைத்து உரை விரித்த நமக்கு இது புதிதல்ல. எழுதி முடித்ததும் பத்திக்கு ஒரு வரியைப் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். அகப்படவில்லையா? இன்னும் கொஞ்சம் புடைக்க வேண்டும்.