திரும்பிப் போகிறவளை யார் எழுதுவது?

எங்கள் வீட்டில் பாமாவின் 'கருக்கு' ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது. எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் வாங்கியது. சிவப்பு மையில் நான் கோடு போட்டிருக்கிற இடமெல்லாம் மடத்துக்குள்ளே இருக்கிற சாதி பற்றியது. மேடையில் எடுத்துப் பேசத் தோதான இடங்கள். ஒரு கூட்டத்துக்காக அதை மறுபடி எடுத்துப் புரட்டினால், உள்ளே பென்சில் கோடுகளும் கிடக்கின்றன. என் மனைவி போட்டவை. புது நன்மை வாங்கியது, ஈஸ்டர் பூசை, பாவசங்கீர்த்தனத்துக்குப் பயந்தது என்று சின்ன வயசுக் கதைகள் வருகிற பக்கங்களில்தான் பென்சில் நின்றிருக்கிறது. சிவப்புக் கோடும் பென்சில் கோடும் ஒரு இடத்திலும் சேரவில்லை.

தலித் இலக்கியத்தை நாம் எப்படி வாசித்து வந்திருக்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் எனக்குக் கிடைக்காது. ஆகவே சொந்தக் கதையையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. தோழர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் இருப்பது தாடிக்கொம்பில். நான் காகிதத்தில் இந்து, கொள்கையில் அம்பேத்கரியன். அவள் பிறந்தது தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில். அவளுடைய அப்பா திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று வேலை பார்த்தவர். 1954ஆம் வருசத்துச் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்து கல்யாணம் முடித்தோம். சாமியாரும் இல்லை, ஐயரும் இல்லை. அதில் எனக்கு ஒரு பெருமை. அவளுக்கும் அதே பெருமைதான் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அவளுடைய அம்மா இறந்தபோது கோயிலில் அடக்கப் பூசை. எல்லோரும் நற்கருணை வாங்கப் போனார்கள். இவள் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். கோயிலுக்கு வெளியே கல்யாணம் முடித்த கத்தோலிக்கப் பெண்ணின் கல்யாணம் திருச்சபைக் கணக்கில் செல்லாது, நற்கருணை கிடையாது. பெத்த தாயின் பூசையில் மகள் கைநீட்ட முடியவில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்:

"ஏங்க, நான் திரும்பக் கோயிலுக்குப் போகப்போறேன்."

நான் 'கருக்கு'வை எடுத்துக் காட்டினேன். இதைப் படிச்ச பிறகுமா என்றேன்.

"பாமா மடத்தத்தானே விட்டாங்க. சாமியவா விட்டாங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் உண்மையான விமர்சனம். 1992இல் 'கருக்கு' வந்த நாளிலிருந்து நாம் அதை வெளியேற்றத்தின் பிரதியாகவே வாசித்தோம். கன்னியர் மடத்தைவிட்டு ஒரு தலித் பெண் வெளியே வந்துவிட்டாள், சபையின் முகமூடி கிழிந்தது, அவ்வளவுதான் நமக்கு வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் பிரதி அப்படி முடியவில்லை. மடம் போதித்த, அடங்கிப் போகச் சொல்கிற கடவுளை விட்டுவிட்டு, ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்கிற இயேசுவைத் தேடுகிற குரலும் அதில் இருக்கிறது. அந்தக் குரலை நாம் அமுக்கிவிட்டோம். பக்தி என்றாலே பொய்யுணர்வு என்று ஒதுக்குகிற பழக்கம் நமக்கு. சேரிப் பெண்கள் சாயங்காலம் கூடிச் செபமாலை சொல்வதும், தலைமாட்டில் படம் மாட்டுவதும் நம் வாசிப்புக்குள் வரவேயில்லை.

ஆனாலும் என் பயம் பொய்யில்லை. கத்தோலிக்கத்துக்குள் இருக்கிற சாதியைக் கண்ணால் கண்ட மாவட்டங்கள் இவை. 2003இல் திண்டுக்கல் மறைமாவட்டம் திருச்சியிலிருந்து பிரிந்தது. அந்தத் திருச்சியிலே மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் சாதி வாரியாகப் பிரித்து ஒரு சுவர் நின்றது ஊரறிந்த கதை. விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அவர்களுடைய வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. கலவரத்தில் போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். 2022இல் ஆந்திராவைச் சேர்ந்த அந்தோணி பூலா கர்தினால் ஆனார். தலித்துகளில் முதல் கர்தினால். அந்தச் செய்தியை அவள் எனக்குப் படித்துக் காட்டினாள். ஒரு தொப்பி சிவப்பாச்சுன்னா சுவர் இடிஞ்சிருமா என்று கேட்டேன். "சுவர இடிக்கிறதுக்கும் உள்ள ஆளு வேணும்ல" என்றாள்.

ஆனால் என் தயக்கத்துக்கு அடியில் இருந்தது சபைச் சாதி மட்டுமில்லை. இதை ஒத்துக்கொள்ள எனக்கு நாளாயிற்று. அதற்கு உதவிய பிரதி ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்'. 2002இல் வந்த நாவல். 2024இல் மறைந்த ராஜ் கௌதமன் பாமாவின் அண்ணன்; ஒரே வீடு, ஒரே புதுப்பட்டி. தங்கை எழுதியது மடத்தைவிட்டு வந்ததை. அண்ணனின் நாவலில் வருகிற சிலுவைராஜ், படித்து முடித்து வேலை கிடைக்காமல் அலைந்து, கடைசியில் வேலைக்காக இந்துவாகிறான். நம்பிக்கை மாறவில்லை, சான்றிதழ் மாறுகிறது. அந்த முடிவை நாம் சிரித்துக்கொண்டே வாசித்தோம். சிரிப்புக்குப் பின்னால் எத்தனை ஆயிரம் குடும்பங்களின் ரகசியம் இருக்கிறது என்று நம் விமர்சகர்கள் கேட்டிருக்க வேண்டும்.

அந்த ரகசியத்துக்குக் காரணம் 1950ஆம் வருசத்துக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி. இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்கிறது அது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் இல்லை. சென்னையில் நடைபாதையில் செருப்புத் தைத்த சூசை என்கிற தொழிலாளி, தலித் செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக் கடை தனக்குக் கிடைக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம்வரை போனார். மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்டப்படவில்லை எனச் சொல்லி 1985இல் தள்ளுபடி செய்தார்கள். அதே வெயில், அதே ஊசி, அதே செருப்பு. பெயர் மட்டும் சூசை.

இன்னொரு வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோலார் தங்கவயலில் ராஜகோபால் என்கிற ஆதிதிராவிடர் 1949இல் கிறித்தவரானார். பிறகு இந்துவாகத் திரும்பித் தனித்தொகுதியில் நின்றார். 1967 தேர்தல் வெற்றி செல்லாமல் போனது. ஆனால் 1972இல் மறுபடி ஜெயித்த வழக்கில், 1975இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. திரும்பி வந்தவரைச் சாதிக்காரர்கள் ஏற்றுக்கொண்டால் அவர் பழைய சாதிக்காரரே என்றது. ஆக, சட்டத்துக்குத் திரும்புதல் தெரியும். அதற்கு வழி போட்டு, விளக்கு வைத்து, சான்றிதழும் கொடுக்கும். ஆனால் அது ஒரு திசைத் திரும்புதல் மட்டும்தான். மறு திசையில் திரும்புகிறவளுக்குக் கையில் இருப்பதும் போகும். 'தாய்மதம் திரும்புதல்' என்று மேடை போட்டுச் சொல்கிறார்களே, என் மனைவிக்குத் தாய்மதம் எது? அவளுடைய தாயும், தாய்க்குத் தாயும் முழங்காலிட்டது மாதா முன்னால். அவள் திரும்பினால் அதற்கு யாரும் மேடை போடமாட்டார்கள். நானும் போடவில்லை.

இப்போது என் பயத்தின் வேருக்கு வருகிறேன். எங்களுக்கு ஒரு மகள். என் சான்றிதழ்தான் அவளுக்கும். கலப்பு மணத்தில் திரும்புகிற கத்தோலிக்கத் தரப்பு, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்வதாக வாக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம். முன்பெல்லாம் மறு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். 1970இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதை மாற்றினார். மறு தரப்புக்குத் தகவல் சொன்னால் போதும். ஆக என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அவள் கொடுக்க வேண்டிய வாக்கு என் மகளின் சாதிச் சான்றிதழ்மேல் விழுகிறது.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அப்பா இந்து, அம்மா கிறித்தவர், தான் இந்துவாகவே வாழ்வதாகச் சொல்லி எழுத்தர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். அவர் பெற்றிருந்த ஞானஸ்நானமும், கோயிலுக்குப் போய் வருவதும் எதிரே வைக்கப்பட்டன. நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் இந்து என்பது அரசியல் சட்டத்தின் மீதே செய்கிற மோசடி என்றது நீதிமன்றம். இந்தத் தீர்ப்பை வைத்துப் பார்த்தால் நம் சிலுவைராஜ் மோசடிக்காரன். அவனைப் பட்டினி போட்ட சட்டம் மட்டும் யோக்கியம்.

கோயில் பதிவேட்டில் பெயர் ஏறினால் தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் அடிபடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வீடு இருக்கிறது, புருசன் பெண்டாட்டி சண்டை இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. தயங்குகிற கணவன் என்றால் சபை விசுவாசமில்லாதவன் என்று நினைக்கும். இயக்கம் பகுத்தறிவுவாதி என்று நினைக்கும். இரண்டும் இல்லை. மகளின் காலேஜ் சீட்டை நினைத்துத் தூக்கம் வராதவன். மூன்றாவது பத்தியை நீக்கச் சொல்லி 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2022இல் ஒன்றிய அரசு பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. இவற்றை இட ஒதுக்கீட்டுப் பிரச்சினையாக மட்டுமே பேசுகிறோம். இது ஒரு பெண்ணின் மனசாட்சிப் பிரச்சினையும்கூட. அவள் சாமி கும்பிடுவதற்கு அவளுடைய பிள்ளை விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

என் கையில் இருந்த இன்னொரு ஆயுதம் 'சங்கதி'. இந்துவாகவே இருக்கிற தலித் பெண், புருசன் அடித்து நொறுக்கினால் தீர்த்துவிட்டுப் போகலாம். கிறித்தவத் தலித் பெண்ணுக்கு அந்த வழியைச் சபை அடைத்துவிட்டது என்பதைப் பாமா அதில் காட்டுகிறார். திண்டுக்கல் பூட்டு மாதிரி, மாட்டினால் மாட்டினதுதான். இதையும் சொல்லிப் பார்த்தேன். அவள் சிரித்தாள்.

"ஊர்ப் பொம்பளைகளப் பத்திப் பாமா எழுதுனத, ஒங்க பொண்டாட்டிய அடக்குறதுக்கா எடுத்துட்டு வர்றீங்க?"

அங்கேதான் எனக்கு உறைத்தது. பெண்களின் பிரதிகளை வைத்தே ஒரு பெண்ணை மறித்து நின்றிருக்கிறேன். சாமியார் வேதத்தை வைத்துச் செய்வதை நான் தலித் இலக்கியத்தை வைத்துச் செய்திருக்கிறேன். பவுலாவது, விசுவாசியான மனைவியோடு சேர்ந்து வாழ விசுவாசமில்லாத கணவன் சம்மதித்தால் அவள் அவனை விட்டுவிட வேண்டாம் என்று கொரிந்தியருக்கு எழுதினார். நம் இயக்கத்துக்கு அந்தச் சகிப்பும் இல்லை. நமக்குப் பிடித்த மதமாற்றப் படம் 1956 நாகபுரி. அம்பேத்கரும் சவிதா அம்பேத்கரும் சேர்ந்தே தீட்சை பெற்றார்கள். பின்னால் லட்சக்கணக்கான சனம். புருசனும் பெண்டாட்டியும் ஒரே திசையில் நடக்கிற படம். வெவ்வேறு திசையில் நடந்துகொண்டே ஒரே பாயில் படுக்கிறவர்களுக்கு நம்மிடம் படம் இல்லை.

இலக்கியத்திலும் இல்லை, நான் வாசித்தவரையில். 1994இல் வந்த இமையத்தின் 'கோவேறு கழுதைக'ளில் புதிரை வண்ணார் ஆரோக்கியம் தன் மகனைச் சாமியாராக்க ஆசைப்படுகிறாள். அவள் திரும்பவில்லை, அவள் போகவே இல்லை, உள்ளேயே கிடந்து தேய்கிறாள். பாமா மடத்தைவிட்டு வெளியே வருகிறார். சிலுவைராஜ் காகிதத்தில் வெளியேறுகிறான். உள்ளே தேய்கிறவள் இருக்கிறாள், வெளியேறுகிறவர்கள் இருக்கிறார்கள். சாதியைத் தெரிந்தே, சுவரைப் பார்த்தே திரும்பி உள்ளே போகிறவள் எங்கே? அவளோடு வாழ்கிற, வாசலிலேயே நின்றுவிடுகிற ஆண் எங்கே? வெளியேறுவதுதான் கலகம், திரும்புவது சரணாகதி என்று முடிவுகட்டிவிட்டு எழுத உட்காருகிறோம். அதனால்தான் இந்தப் பாத்திரங்கள் பேனாவில் ஏறவில்லை.

சபைக்கும் ஒரு கேள்வி. தயங்குகிற துணையிடம் சம்மதத்தைப் புதுப்பிக்கச் சொல்லாமலேயே கல்யாணத்தைச் செல்லுபடியாக்குகிற ஒரு வழி திருச்சபைச் சட்டத்தில் இருக்கிறது. லத்தீனில் 'சனாசியோ இன் ராதிசே' என்கிறார்கள், வேரிலே குணமாக்குவது. தக்க காரணம் இருந்தால் துணைக்குத் தெரியாமலே செய்யவும் இடமுண்டாம். வேரிலே குணமாக்கத் தெரிந்த சபைக்கு, கல்லறைச் சுவரின் வேர் மட்டும் ஏன் கண்ணில் படவில்லை? தலித் தாய் பிள்ளைக்கு ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டால், அதற்குப் பின்னால் விசுவாசக் குறைவு இல்லை, மூன்றாவது பத்தி இருக்கிறது என்று பிரசங்கத்தில் சொல்ல எத்தனை சாமியார்களுக்குத் துணிச்சல் உண்டு?

என்னிடம் தெரியாமல் செய்ய வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். செய்யமாட்டேன் என்றாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குப் போகிறாள். குடகனாற்றுப் பாலம்வரை வண்டியில் கொண்டுபோய் விட்ட நான், இப்போது கோயில் வாசல்வரை விடுகிறேன். இன்னும் நற்கருணை இல்லை. மகளுக்கு ஞானஸ்நானம் பற்றி முடிவும் இல்லை. மகள் பெரியவளாகித் தானே சொல்லட்டும் என்பது என் கட்சி. அது தப்பிக்கிற வழி என்பது அவள் கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். "எல்லாம் சரி. அம்மா அடக்கத்தன்னைக்கு எனக்கு என்னா இருந்துச்சுன்னு நீங்க எழுதல. ஒங்களுக்கு அது தெரியாது" என்றாள். உண்மைதான். அதை அவள்தான் எழுத வேண்டும். எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அடுத்த இதழில் எனக்குக் கொடுக்கிற பக்கங்களை அவளுக்குக் கொடுக்கும்படி ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.