துயரத்துக்கு ஏன் கவிதை நாவல்?

ஆங்கில இளையோர் இலக்கியத்தில் கவிதை நாவல் அடிக்கடி சாவு வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. தீ விபத்தில் தாயை இழந்த ஓக்லஹோமா சிறுமியைச் சொல்லும் கரென் ஹெஸ்ஸியின் ‘அவுட் ஆஃப் தி டஸ்ட்’ (1997) மறு ஆண்டே நியூபெரி பதக்கம் பெற்றது. ஜேசன் ரெனால்ட்ஸின் ‘லாங் வே டவுன்’ (2017) அண்ணனைக் கொன்றவனைத் தேடித் துப்பாக்கியோடு லிஃப்டில் இறங்கும் பதினைந்து வயதுப் பையனின் ஒரு நிமிடத்தைச் சொல்கிறது. துயரம் உரைநடையை விட்டுக் கவிதையை நாடுவது ஏன்? துக்கத்தில் பேச்சு தடைபடும், அதனால் வரியும் உடைகிறது என்பது வழக்கமான பதில். அது பாதி உண்மைதான். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத உணர்ச்சிகளை ‘ஆனால்’, ‘ஆகையால்’ போட்டுச் சமாதானப்படுத்தாமல் அருகருகே நிறுத்த இந்த வடிவம் இடம் தருகிறது. அதன் பெரிய பலம் இதுவே.

எலிசபெத் அசெவெடோவின் ‘கிளாப் வென் யூ லேண்ட்’ (2020) இதற்கு நல்ல சான்று. 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கிலிருந்து சாண்டோ டொமிங்கோவுக்குப் புறப்பட்ட விமானம் குயின்ஸில் விழுந்து, அதிலிருந்த 260 பேரும் தரையில் 5 பேரும் மாண்டனர். பயணிகளில் பெரும்பாலோர் டொமினிக்கன் வம்சாவளியினர். அந்த விபத்தின் தூண்டுதலில் பிறந்த நாவல் இது. அப்பாவை அழைத்துவர டொமினிக்கன் குடியரசில் விமான நிலையத்துக்குப் போகும் கமினோ, அங்கே அழுதுகொண்டிருக்கும் கூட்டத்தைப் பார்க்கிறாள். நியூயார்க்கில் யஹைராவுக்குப் பள்ளியில் அப்பாவின் விமானம் விழுந்த செய்தி வருகிறது. இருவருக்கும் தந்தை ஒருவரே. ஒருத்தி இருப்பது மற்றவளுக்குத் தெரியாது. அப்பாவின் இன்னொரு திருமணச் சான்றிதழைக் கண்டெடுத்த யஹைரா அவரோடு பேச்சையே குறைத்துக்கொண்டிருந்தாள். அவள் அழுகையில் கோபமும் குற்றவுணர்வும் கலந்திருக்கின்றன. கமினோவுக்கோ அப்பாவோடு பள்ளிக் கட்டணமும் பாதுகாப்பும் சேர்ந்தே போய்விடுகின்றன. குரல்கள் மாறி மாறி வருவதால், இருவரையும் சேர்த்து வைத்துப் பார்ப்பவர் வாசகர் மட்டுமே. அக்கா தங்கை உறவு அந்தப் பெண்களுக்குத் தெரியவருமுன் பக்க அமைப்பிலேயே தொடங்கிவிடுகிறது.

உரைநடையை மடக்கிப் போட்டால் கவிதையாகிவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. புதுக்கவிதை பார்த்த தமிழுக்கு இது பழைய வழக்கு. இந்த வகையில் வெறுமனே மடக்கப்பட்ட நூல்களும் இருக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. வரிகளைச் சேர்த்து எழுதிப் பார்த்தால் எதுவும் குறையாத நூல் தோற்றுவிட்டது. அசெவெடோவின் பக்கங்களைச் சேர்த்தால் பாசத்துக்கும் வஞ்சனைக்கும் நடுவே ஒரு விளக்கத்தை நுழைக்க வேண்டிவரும். அந்த விளக்கம் பொய்யாகிவிடும். வேகமாகப் படித்து முடிக்கலாம் என்பதால் ஆழமில்லை என்ற குறையும் நிற்காது. சொல்லாமல் விட்டதை இட்டு நிரப்பும் வேலை வாசகருக்கு இங்கே கூடுதல்.

உறவு கிடைத்தால் துக்கம் ஆறிவிடும் என்ற எளிய முடிவுக்கு இந்த நாவல் பணியவில்லை. கமினோவுக்கு யஹைராவின் வசதி உறுத்துகிறது; ஆபத்து வரும்போது யஹைராதான் குடும்பத்தோடு வந்து நிற்கிறாள். அப்பா காட்டிய அன்பையும் சொன்ன பொய்யையும் மகளாக நின்று அறிந்தவர்கள் இந்த இருவர் மட்டுமே. ஆறுதலைவிட இருவரும் பகிர்ந்துகொள்ளும் அந்த அறிதலின்மேல் சகோதரி உறவைக் கட்டியதால்தான் இந்த நாவல், துக்கத்தில் இருக்கும் இளம் வாசகர் நம்பிக் கையிலெடுக்கக்கூடியதாக இருக்கிறது.