கேட்பதற்கு முன்பே

இத்தாலிய மொழியில் உதவ முன்வருபவர் பெரும்பாலும் கேள்வி கேட்பதில்லை. கனத்த பெட்டியோடு படியேறும் பெரியவரைப் பார்த்தால் "லோ போர்த்தோ இயோ" என்பார்; சொல்லி முடிப்பதற்குள் பெட்டி அவர் கைக்கு வந்திருக்கும். 'இதை நான் தூக்குகிறேன்' என்று நிகழ்காலத்தில் சொல்கிறார். 'நான்' என்னும் "இயோ" கடைசியில் நிற்கிறது. வினையின் விகுதியே ஆளைக் காட்டிவிடுவதால் சாதாரண வாக்கியத்தில் அந்தச் சொல் தேவையில்லை. அதை இறுதியில் வைக்கும்போது, நம் ஏகாரம்போல, 'வேறு யாருமல்ல, நானே' என்ற அழுத்தம் விழுகிறது. 'அதை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று பொருள்படும் "சி பென்சோ இயோ"வும் இதே அமைப்புத்தான்.

'நான் உதவலாமா?' என்று கேட்கும் "பொஸ்ஸோ ஐயுத்தார்லா?"வும் உண்டு. அது கடைக்காரர் வாடிக்கையாளரிடம் பேசும் மரியாதைப் பேச்சு. நெருக்கம் கூடக்கூடக் கேள்விக்குறி உதிர்ந்துவிடுகிறது. 'உங்கள் உதவிக்குத் தயாராக இருக்கிறேன்' என்று கடிதத்தின் அடியில் எழுதும் "ரெஸ்தோ அ திஸ்பொசிட்சியோனே" இன்று வெறும் அலுவலகச் சம்பிரதாயம். பணிவுச் சொற்கள் தேய்வது அங்கே புதிதல்ல. "சாவ்" என்னும் வணக்கமே 'உங்கள் அடிமை' என்ற வெனிசு வழக்கிலிருந்து வந்ததுதான்.

இலக்கியத்திலோ 'உதவுகிறேன்' என்ற சொல்லின் தரம் சோதிக்கப்படுகிறது. தாந்தேயின் 'தெய்வீக நாடக'த்தில், வழி தவறிய கவிஞனைக் காக்கும்படி, அவன் காதலித்த பெயாத்ரிச்சே பழங்காலக் கவிஞர் வெர்ஜிலிடம் வேண்டுகிறாள். இப்போதே செய்து முடித்திருந்தாலும் தாமதம்தான் என்று துடிக்கிறார் வெர்ஜில். அதே காவியத்தின் கடைசிப் படலம், வேண்டுவதற்கு முன்பே போய் உதவும் மரியன்னையின் கருணையைப் போற்றுகிறது.

மன்ஸோனியின் 'மணம் நிச்சயித்தவர்கள்' நாவல் 1827இல் வந்தது. தன் திருமணம் தடைபட்ட ரென்சோ, நான்கு கொழுத்த சேவல்களோடு வழக்கறிஞரைத் தேடிப் போகிறான். அவனை ஏதோ அடியாள் என்று நினைத்துக்கொண்ட வழக்கறிஞர், எல்லாவற்றையும் தான் கவனித்துக்கொள்வதாக வாக்குறுதிகளை வாரி வழங்குகிறார். எதிராளி அப்பகுதியின் செல்வாக்கு மிக்க பிரபு தோன் ரொத்ரீகோ என்று தெரிந்ததுமே அவனை வாசலுக்குத் தள்ளுகிறார். சேவல்களையும் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். அந்த வீட்டில் அப்படியோர் உத்தரவை வேலைக்காரி அதுவரை கேட்டதே இல்லை. வாக்கின் போலித்தனத்தை இவ்வளவு கச்சிதமாகக் காட்டிய காட்சி உலக நாவல்களிலேயே அரிது.

தெ அமிச்சிஸின் 'குவோரே' என்னும் சிறுவர் நூல் 1886இல் வெளியானது. அதில் வரும் ஜூலியோவுக்கு வயது 12. ரயில்வே ஊழியரான அப்பா, வருமானம் போதாமல் இரவில் சந்தாதாரர் முகவரிகளை எழுதிக் கொடுக்கிறார். 500 முகவரிக்கு மூன்று லீரா. நான் எழுதுகிறேன் என்கிறான் பையன். படிப்புதான் முக்கியம் என்று அப்பா மறுத்துவிடுகிறார். அவர் தூங்கிய பிறகு எழுந்து, அவருடைய கையெழுத்திலேயே அவன் எழுதித் தள்ளுகிறான். காசு கூடுகிறது, படிப்பு சரிகிறது, காரணம் தெரியாத அப்பா மகனை ஒதுக்கவே தொடங்குகிறார்.

'குவோரே'யின் உபதேசத் தொனியைச் சாடி, அதன் பொல்லாத மாணவன் ஃப்ராந்தியைப் புகழ்ந்து எழுதினார் எழுத்தாளர் உம்பெர்த்தோ எக்கோ. அதில் நியாயம் உண்டு. ஆனால் ஜூலியோவின் கதையையும் சேர்த்து ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. உதவி செய்பவன் அதற்குக் கொடுக்கும் விலையை, அவனுடைய தூக்கத்திலும் மதிப்பெண்ணிலும் அப்பாவின் பாராமுகத்திலும் வைத்து எண்ணிக் காட்டுகிறது அது.