ஒரு அள்ளு கரி

காஃப்காவைப் பற்றிப் பேச்சு வந்தாலே நம் ஆட்களுக்குக் கரப்பான்பூச்சியும் விசாரணையும் கோட்டையும்தான் நினைவுக்கு வரும். ‘வாளிச் சவாரி’ என்ற மூன்று பக்கக் கதையை அவ்வளவாக யாரும் கண்டுகொள்வதில்லை. கண்டுகொள்கிறவர்களும் ஒரே சொல்லில் கதையை மூடிவிடுகிறார்கள்: குறியீடு. கரி என்றால் அருள், வாளி என்றால் வெறுமையான ஆன்மா, கரிக்கடைக்காரர் என்றால் காது மந்தமான கடவுள். முடிந்தது விஷயம், அடுத்த கதைக்குப் போகலாம்.

அந்த வாசிப்பு தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் கதைக்குள் ஒருத்தனுக்குக் குளிர்கிறது. வீட்டில் கரி இல்லை. கையில் காசும் இல்லை. குறியீட்டு வாசிப்பில் முதலில் காணாமல் போவது அந்தக் குளிர்தான். அதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தால் கதை என்னவாகிறது என்று பார்க்கலாம்.

கதை இவ்வளவுதான். கரி மொத்தமும் தீர்ந்துவிட்டது. வாளி காலி. கணப்பு சூட்டுக்குப் பதிலாகக் குளிரை விடுகிறது. சன்னலுக்கு வெளியே மரங்கள் உறைபனியில் விறைத்து நிற்கின்றன. கரிக்கடைக்காரரிடம் போய்க் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் அவர் வழக்கமான கெஞ்சல்களைக் கேட்டுக் கேட்டு மரத்துப்போனவர். தன்னிடம் ஒரு துகள்கூட மிச்சமில்லை என்பதை அவருக்குக் கண்ணால் காட்டியாக வேண்டும். அதற்காக இவன் காலி வாளியின்மேல் ஏறி உட்கார்ந்து, கைப்பிடியைக் கடிவாளமாகப் பிடித்துக்கொண்டு, உறைந்த தெருவில் மாடி உயரத்துக்குப் பறந்து போகிறான்.

வாளி ஏன் பறக்கிறது? மந்திரத்தால் இல்லை. காலியாக இருப்பதால் பறக்கிறது. கரி இருந்திருந்தால் கனத்திருக்கும், தரையில் கிடந்திருக்கும். வறுமையின் அளவுதான் அது பறக்கிற உயரம். இதைக் கவனிக்காமல் ‘மாய யதார்த்தம்’ என்று முத்திரை குத்திவிட்டால் கதையின் மிகக் கறாரான கணக்கு ஒன்றைத் தவறவிடுகிறோம்.

கடை நிலவறையில் இருக்கிறது. கடைக்காரர் உள்ளே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். சூடு அதிகமாகிவிட்டதால் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்! ஒரு தெருவில் ஒருவனுக்குக் கணப்பே செத்துக் கிடக்க, இன்னொருவர் மிச்ச வெப்பத்தைத் தெருவில் விட்டுக்கொண்டிருக்கிறார். காஃப்கா இதற்கு ஒரு வரிக்குமேல் செலவழிப்பதில்லை. கடைக்காரருக்கு ஏதோ குரல் கேட்கிறது. யாரோ பழைய வாடிக்கையாளர் போலிருக்கிறதே என்று அவர் மனசு இளகவும் செய்கிறது. மனைவி கணப்புக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து பின்னல் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. கணவருக்கு இருமல் என்பதால் அவளே எழுந்து வெளியே வருகிறாள். இவன் மிக மட்டமான கரியில் ஒரே ஒரு அள்ளு போதும் என்கிறான். முழு விலையையும் கொடுத்துவிடுகிறேன், ஆனால் உடனே இல்லை என்கிறான். அந்த ‘உடனே இல்லை’ பக்கத்துக் கோயில் மணியோசையோடு கலந்துவிடுகிறது. வெளியே யாருமில்லை என்று உள்ளே பார்த்துச் சொல்கிறாள் அவள். சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்து ஏப்ரனை அவிழ்த்து அவனை விசிறித் துரத்துகிறாள். ஆள் இல்லை என்றால் யாரைத் துரத்துகிறாள்?

வாளிக்கு எடை இல்லாததால் அந்தத் துணி வீச்சே போதுமானதாக இருக்கிறது. கதைசொல்லி பனிமலைகளின் பக்கம் எழும்பிக் காணாமல் போகிறான். அவனைத் தூக்கிவந்த அதே காலித்தனம்தான் அவனைத் துரத்தவும் உதவுகிறது.

‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்று பலகை மாட்டிய பெட்டிக்கடை முன்னால் நின்றவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. கடன் கேட்கிறவன் குரல் கடைக்காரர் காதில் விழாது. விழுந்தாலும் விழாத மாதிரி இருக்க அவருக்குத் தெரியும். காஃப்கா எழுதியது கடன் சொல்கிற கதை. கடவுள் அதற்குள் வரலாம், தாராளமாக வரட்டும். ஆனால் கரிக்கடை வழியாகத்தான் வர முடியும்.

காலத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்தக் கதை எழுதப்பட்டது 1917 தொடக்கத்தில். முதல் உலகப்போரின் நடுவே, ப்ராக் நகரம் கரித் தட்டுப்பாட்டில் நடுங்கிக்கொண்டிருந்த குளிர்காலம். தங்கை ஓட்லா வாடகைக்கு எடுத்திருந்த, ரசவாதிகள் சந்தின் 22ஆம் எண் குட்டி வீட்டில் காஃப்கா அப்போது எழுதிக்கொண்டிருந்தார். 1908லிருந்தே தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர், பரம ஏழை கிடையாது. ஆனால் தட்டுப்பாட்டுக் காலத்தில் சம்பளக்காசை அடுப்பில் போட்டு எரிக்க முடியாதே. கரி கைமாற்றிவிடுகிற இன்னொரு மனிதர் தேவை. அந்த மனிதர் கேட்க வேண்டும், எழுந்துவர வேண்டும். கதையின் பயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

நமக்கு இது சட்டென்று பிடிபடாமல் போக ஒரு காரணம் உண்டு. குளிரை நாம் மனநிலையாகப் படித்துப் பழகியவர்கள். நக்கீரரின் நெடுநல்வாடையை எடுத்துக்கொள்ளுங்கள். வாடையில் நடுங்கும் கோவலர் தீமூட்டிக் கை காய்கிறார்கள். ஊரில் குளிர்ந்த நீரை யாரும் குடிப்பதில்லை, வாயகன்ற தடவில் நெருப்பு எரிகிறது. ‘தடவு’ என்றால் கணப்புச் சட்டி. குமுட்டி அடுப்பின் மூதாதை என்று வைத்துக்கொள்ளுங்களேன். குளிரை இவ்வளவு நுணுக்கமாக எழுதிய பாட்டு நம்மிடம் அதிகம் இல்லை. ஆனால் அந்தப் பாட்டில் நெருப்புக்கு விலை கிடையாது. கோவலனுக்கும் நெருப்பு கிடைக்கிறது, அரண்மனைக்கும் கிடைக்கிறது. கிடைக்காதது போர்க்களம் போன தலைவன்தான். ஆகவே குளிர் பிரிவாகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தோடே நாம் ப்ராக்குக்கும் பெத்ரோகிராதுக்கும் போனால் பனி தெரியும், கரி தெரியாது.

பெத்ரோகிராத் என்றதும் யெவ்கேனி ஸமியாத்தினின் ‘குகை’ ஞாபகம் வருகிறது. 1920இல் எழுதிய சிறுகதை. ஸமியாத்தின் தொழிலால் கப்பல் பொறியாளர். ரஷ்யாவுக்காக இங்கிலாந்தில் கட்டப்பட்ட பனியுடைப்புக் கப்பல்களை மேற்பார்வை பார்த்தவர். பனியை எப்படி உடைப்பது என்று கணக்குப் போட்டவர், உடைபடாத ஒரு பனியைப் பற்றி எழுதினார். புரட்சிக்குப் பிந்தைய உள்நாட்டுப் போர்க் காலம் அது. நகரத்தில் எரிபொருள் இல்லை. மேசை நாற்காலி, தரைப் பலகை, புத்தகம் என எல்லாம் அடுப்புக்குப் போயின. மர வீடுகளையே பிரித்து விறகாக்கினார்கள். ஓர் அறையை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அறைகளைக் குளிருக்கு விட்டுக்கொடுத்தார்கள். அந்த ஓர் அறையின் நடுவில் ‘புர்ஷூய்க்கா’ என்ற சின்ன இரும்பு அடுப்பு.

இந்த அடுப்பின் குணம் தெரிந்தால் கதை இன்னும் நன்றாகப் புரியும். ரஷ்யர்களின் பழைய அடுப்பு செங்கல்லால் கட்டிய பெரிய மேடை. ஒருமுறை எரித்தால் அந்தக் கல் மணிக்கணக்கில் சூட்டைப் பிடித்துவைத்து மெல்ல மெல்லத் தரும். புர்ஷூய்க்காவோ மெல்லிய தகடு. நெருப்பு வைத்ததும் செக்கச்செவேலென்று காயும், நெருப்பு அணைந்ததும் அதே வேகத்தில் ஆறிவிடும். சேமிக்கத் தெரியாத அடுப்பு. விறகு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஸமியாத்தின் அதைப் பேராசை பிடித்த குகைத் தெய்வம் என்கிறார். அலங்காரத்துக்குச் சொன்ன உவமை இல்லை இது. அந்தத் தகடு அப்படித்தான் நடந்துகொள்ளும்.

மார்ட்டின் மார்ட்டினிச் ஸ்க்ரியாபினின் இசையை நேசித்தவன். மனைவி மாஷா நோயில் படுத்திருக்கிறாள். நாளை அவள் பெயர்நாள். அன்றைக்கு ஒருநாள் மட்டும் காலையிலிருந்தே அடுப்பு எரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். அவன் ஒபெர்த்திஷெவ் என்ற அண்டை வீட்டுக்காரரிடம் விறகு கேட்கிறான். இல்லை என்கிறார். வெளியே வரும்போது அடுக்கிவைத்த விறகு கைக்கெட்டும் தூரத்தில். அவனுக்குள் இரண்டு மார்ட்டின்கள் மல்லுக்கு நிற்கிறார்கள். ஒருவனுக்கு இது கூடாது என்று தெரியும். இன்னொருவனுக்கு இதைச் செய்தே ஆக வேண்டும் என்று தெரியும். திருடிவிடுகிறான். பிறகு வீட்டுக் குழுத் தலைவர் வந்து, திருப்பி வைத்துவிடு என்று நட்பாகவே சொல்கிறார். எரிந்த விறகை எங்கே திருப்பி வைப்பது? கடைசியில் மிச்சமிருப்பது ஒரு நீலக் குப்பியில் ஒருவருக்கு மட்டுமே போதுமான விஷம். அதை மாஷா கேட்டு வாங்கிக்கொள்கிறாள்.

இந்தக் கதையைப் புரட்சிக்கு எதிரான சாட்சியமாக மட்டும் வாசிக்கிறவர்கள் உண்டு. அரசியல் அதில் இருக்கிறதுதான். ஆனால் கதை நம்மை நிறுத்திவைத்துக் கேட்பது வேறு: அறை சூடானபோது அந்தச் சூடு யாருடையது? ஒபெர்த்திஷெவுக்கும் மனைவி உண்டு, பிள்ளைகள் உண்டு. அவரிடமிருந்து போன விறகு அவர்கள் வீட்டில் எரியாத விறகு. ஸமியாத்தின் இரண்டு பக்கமும் கணக்கை எழுதிவிடுகிறார். அதனால்தான் மாஷாவின் அந்த ஒருநாள் வசந்தத்தை நம்மால் நிம்மதியாக ரசிக்க முடிவதில்லை.

இன்னும் ஒரு பிரதியைச் சேர்க்கிறேன். டெட்ராய்ட்டில் வளர்ந்த கறுப்பினக் கவிஞர் ராபர்ட் ஹெய்டனின் ‘அந்தக் குளிர்கால ஞாயிறுகள்’. 1962இல் வந்த தொகுப்பில் உள்ள 14 வரிக் கவிதை. கரியில் ஓடும் வீட்டில் இரவு முழுக்க நெருப்பைக் கொழுந்துவிட விட மாட்டார்கள். தணலைச் சாம்பலால் மூடிவைத்து, விடிகாலையில் யாராவது எழுந்து கிளறி உயிர்ப்பிக்க வேண்டும். அந்த ‘யாராவது’ எப்போதும் ஒரே ஆள்தான். வாரம் முழுக்க உழைத்துக் கை வெடித்த அப்பா, ஞாயிற்றுக்கிழமையும் இருட்டில் எழுந்து நெருப்பு மூட்டுகிறார். அறைகள் சூடான பிறகே பிள்ளையைக் கூப்பிடுகிறார். அவருக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. பையன் அசட்டையாகப் பதில் பேசுகிறான்.

இதை இப்போது ‘அப்பா பாசக் கவிதை’ என்று தந்தையர் தினத்துக்குப் பகிர்கிறார்கள். பகிரட்டும். ஆனால் அந்த வீட்டில் நீடித்த கோபங்களும் இருந்தன என்று கவிதையே சொல்கிறது. பையன் அவற்றுக்குப் பயந்துகொண்டுதான் எழுகிறான். நெருப்பு மூட்டியவரும் பயமுறுத்தியவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அன்பு வார்த்தையாக வராத வீட்டில் அது கரியாகவும் மெருகேற்றிய காலணியாகவும் வந்திருக்கிறது. பல வருஷம் கழித்துத்தான் பிள்ளைக்கு அது உறைக்கிறது. ‘பாசம்’ என்று சுருக்கினால் அந்தத் தாமதத்தின் வலி போய்விடும்.

காஃப்காவில் கொடுக்காத கை. ஸமியாத்தினில் திருடிய கை. ஹெய்டனில் கொடுத்தும் யாரும் பார்க்காத கை. மூன்றிலும் குளிர் வானத்திலிருந்து வருகிறது, சூடு மட்டும் இன்னொரு மனிதரிடமிருந்து வர வேண்டியிருக்கிறது. ஜார்ஜ் ஆர்வெல் 1937இல் வெளியான ‘விகன் பியருக்குப் போகும் பாதை’யில் இதை நேரடியாகவே பேசினார். வேலையில்லாத சுரங்கத் தொழிலாளர்கள் கழிவுக் குவியலில் கரித்துண்டு பொறுக்குவதைப் பார்த்தார். சட்டப்படி அதுவும் திருட்டுதான். தன் அறையில் கணப்பருகே உட்கார்ந்து எழுதும்போது அந்த நெருப்பைச் சுரங்கத்தோடு சேர்த்து நினைப்பது அபூர்வம் என்றும் ஒப்புக்கொண்டார். நேர்மையான வாக்குமூலம். ஆனால் அது கணப்புக்கு உள்பக்கத்திலிருந்து வருகிற குரல். காஃப்காவின் கதை வெளியே, வாளிமேல் நிற்கிறது. அதனால்தான் மூன்றே பக்கத்தில் அவ்வளவு குளிர்கிறது.

நம் மொழிக்கும் இப்போது குளிர்தேசங்கள் உண்டு. போரிலிருந்து தப்பிய ஈழத்தமிழர்கள் டொரண்டோ, ஒஸ்லோ, பாரிஸ் என்று குடியேறிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அங்கிருந்து வரும் எழுத்தில் பனி நிறைய விழுகிறது. முதல் பனியின் வியப்பு, ஊரின் வெயில் ஏக்கம் எல்லாம் உண்டு. நான் படித்த அளவில், ஹீட்டர் பில் குறைவாகவே வருகிறது. இத்தனைக்கும் அங்கே கதை காத்துக் கிடக்கிறது. வாடகை வீட்டில் குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை வெப்பம் இருக்க வேண்டும் என்பது டொரண்டோ நகர விதி. ஆனால் ஸ்காபரோவில் பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருப்பவரைக் கேளுங்கள், பல வீடுகளில் தெர்மோஸ்டாட் மேலே, வீட்டுக்காரர் இருக்கிற தளத்தில் இருக்கும். கீழே கால் விறைக்கும். மேலே போய் ‘அண்ணை, கொஞ்சம் கூட்டிவிடுறீங்களோ’ என்று கேட்க வேண்டும். அந்த அண்ணையும் ஒருகாலத்தில் இதே மாதிரி ஒரு பேஸ்மென்ட்டில் இருந்தவராக இருக்கலாம், மாசக் கடைசியில் காஸ் பில் அவர் பெயருக்கு வருகிறதாகவும் இருக்கலாம். காஃப்காவின் கதையில் கடை கீழே இருந்தது, கேட்கிறவன் மேலே மிதந்தான். இங்கே தலைகீழ். கேட்பதில் உள்ள கூச்சம் மட்டும் அதேதான்.

இதை யாராவது எழுதினால், பனியை உருகி உருகி வர்ணிக்காமல், அந்தப் படிக்கட்டில் ஏறுகிற நாலு அடியை எழுதினால் போதும். அதுவரைக்கும் இனிக் குளிர்காலக் கதை எது கையில் கிடைத்தாலும், பனி எப்படி விழுகிறது என்று பார்த்துவிட்டு, அடுப்பில் எரிவது யார் வீட்டு விறகு என்றும் ஒருமுறை பாருங்கள்.