லாயத்தில் எது தகுதி?

குதிரையும் வைக்கோலும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, விலகியிரு என்று இளம் வயதிலேயே மருத்துவர் எச்சரித்த ஆள் ஆஸ்திரேலியாவின் பார்ட் கம்மிங்ஸ். அவர் பயிற்றுவித்த குதிரைகள் 1965 முதல் 2008 வரை மெல்போர்ன் கோப்பையை 12 முறை வென்றன. அமெரிக்காவின் டி. வெய்ன் லூகாஸ் பள்ளியில் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தவர். இங்கிலாந்தின் மார்ட்டின் பைப் ஒரு புக்கியின் மகன். சவாரியில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் செய்யாதவர். மூவருமே குதிரைப் பயிற்சித் தொழிலில் உச்சிக்குப் போனார்கள். பந்தயக் குதிரைப் பயிற்சியாளர் ஆக என்ன வேண்டும் என்று கேட்டால் வழக்கமான பட்டியல் ஒன்றை ஒப்பிப்பார்கள்: குதிரைக்காரக் குடும்பம், நல்ல சவாரி, மருத்துவ அறிவு, தீவனக் கணக்கு, ஆட்களை மேய்க்கும் திறன், பண நிர்வாகம். பட்டியலில் பிழையில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே எடை கொடுப்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

பிறப்பை முதலில் தள்ளிவிடலாம், ஆனால் முழுக்க அல்ல. கம்மிங்ஸின் தந்தையும் பயிற்சியாளர். 1950-ல் மெல்போர்ன் கோப்பை வென்ற காமிக் கோர்ட் அவர் லாயத்துக் குதிரை. மகன் அங்கே குதிரை கவனித்து வளர்ந்தவர். ரத்தத்தில் ஊறியது என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் சின்ன வயதில் லாயத்தில் கழிந்த விடியற்காலைகள்தான். சவாரிக்கும் இதே அளவுகோல்தான். பெசி ஷ்ராஃப் ஜாக்கியாகவும் பிறகு பயிற்சியாளராகவும் இந்தியன் டெர்பியை வென்றவர். காலை ஓட்டம் முடித்து இறங்கும் ரைடிங் பாய் "இடப்பக்கம் வளைய மாட்டேங்குது சார்" என்றால், சவாரி செய்தவருக்கு வலி எங்கே என்று உடனே ஓர் ஊகம் வரும். செய்யாதவர் இன்னும் நாலு கேள்வி கேட்க வேண்டும். கேட்டால் விஷயம் தெரிந்துவிடும். ஆகவே இது சாதகம், கட்டாயம் அல்ல.

அறிவியல் பக்கத்து வாதம் இன்னும் வலுவானது. அதற்கு முதல் சாட்சி பைப்தான். தடை தாண்டும் பந்தயத்தில் 15 முறை பிரிட்டனின் சாம்பியன் பயிற்சியாளர். 1988-89 பருவத்தில் மட்டும் 208 வெற்றிகள். நீண்ட தூரம் நிதானமாக ஓட்டிப் பழக்குவது அங்கே மரபு. அவரோ குறுகிய ஏற்றத்தில் குதிரையை வேகமாக ஏற்றி, நடத்தி இறக்கி, மூச்சு ஆறியதும் மறுபடி ஏற்றினார். லாயத்திலேயே ஆய்வகம் வைத்து ரத்தம் பார்த்தார். எடை போட்டுக் குறித்துவைத்தார். களத்தில் அவர் குதிரைகள் தொடக்கத்திலிருந்தே முன்னால் போகும், துரத்துகிறவைதான் மூச்சு வாங்கும். குதிரைகளைச் சீக்கிரம் தேய்த்துவிடுகிறார் என்ற பேச்சும் கூடவே இருந்தது.

ஆய்வகம் இருந்தால் போதும், அனுபவம் வேண்டாம் என்று இதிலிருந்து முடிவு கட்டினால் ஒரு கணக்கு இடிக்கும். பைப்பின் முதல் வெற்றி 1975-ல். செல்டன்ஹாம் பந்தய விழாவில் பாரன் பிளேக்னி என்ற குதிரை 66-க்கு 1 என்ற பந்தய விலையில் வென்று அவர் பெயரை வெளியே தெரியவைத்தது 1981-ல். முதல் சாம்பியன் பட்டத்துக்கு இன்னும் எட்டு ஆண்டு ஆனது. தன் குடும்பத்துப் பணத்தில் தட்டுத்தடுமாறிக் கற்ற காலம் அது. அடுத்தவர் லட்சங்கள் கொட்டி வாங்கிய குதிரையை வைத்து அப்படிக் கற்க யாரும் விடமாட்டார்கள்.

அறிவியல் மரபை நேராகத் திருத்திய இடம் எலும்பு. இரண்டு வயதுக் குதிரைக்கு முன்காலில், முழங்காலுக்குக் கீழே நிற்கும் எலும்பின் முன்புறம் வலி எடுப்பது எல்லா லாயத்திலும் பழைய தொல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டேவிட் நூனமேக்கர் ஆய்ந்து காட்டினார்: மெதுவான நெடுந்தூர ஓட்டத்தில் அந்த எலும்பின் மேல் விழும் அழுத்தம் வேறு, பந்தய வேகத்தில் விழுவது வேறு. பந்தய வேகத்தைக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும், முறையாகத் திரும்பத் திரும்பக் கொடுத்தால்தான் எலும்பு அந்த வேகத்துக்குத் தயாராகும். குதிரை பாவம், மெதுவாகவே போகட்டும் என்ற நல்லெண்ணம் அதற்குத் தீங்காகவே முடியும். தசைநாண் விஷயம் வேறு. அது எலும்பைப் போலத் தன்னை மாற்றிக்கட்டிக்கொள்வதில்லை. நார் அறுந்தால் தழும்பாகவே ஆறும், பழைய வலு திரும்பாது. எது பழகும், எது தேயும் என்ற இந்த வேறுபாடு தெரியாமல் வேலைத்திட்டம் போடுகிறவரை நான் பயிற்சியாளர் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் இந்த அறிவு பயன்படும் இடம் விரல் நுனி. விடிவதற்கு முன் கால்கட்டை அவிழ்த்து, முழங்காலுக்குக் கீழே பின்புறமாக ஓடும் நாணின் மேல் உள்ளங்கையை வைத்து மெல்ல இறக்க வேண்டும். பிறகு மறு கால். ஒரு பக்கம் கொஞ்சம் சூடு, கொஞ்சம் பருமன், அழுத்தினால் லேசாக ஒரு சுளிப்பு: அன்றைக்கு ஓட்டம் கிடையாது. அடுத்து கெட்டித் தரையில் கயிற்றில் பிடித்துத் துள்ளுநடை. முன்கால் வலித்தால் அந்தக் கால் ஊன்றும்போது தலை மேலே எழும், நல்ல கால் ஊன்றும்போது தாழும். தொட்டியில் மிஞ்சிய ஓட்ஸையும் பார்க்க வேண்டும். ஓய்வு நாளில் தானியத்தைக் குறைக்காமல் கொட்டிவிட்டு மறுநாள் வேகமாக ஓட்டினால் பின்தொடைத் தசை கல்லாக இறுகிக் குதிரை நின்றுவிடும். இது ஏட்டிலும் உண்டு, குதிரை பராமரிக்கும் வயதான சைஸ் எவருக்கும் தெரியும். நேற்று இந்தக் கால் எப்படி இருந்தது என்பது எந்த ஏட்டிலும் இல்லை. அதற்கு நேற்றும் தொட்டிருக்க வேண்டும்.

மருந்தறிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அது பெரும்பாலும் எச்சரிக்கையாகத்தான் வேண்டும். 2021 கென்டக்கி டெர்பியில் முதலில் வந்த மெடினா ஸ்பிரிட்டின் ரத்தத்தில் பீட்டாமெத்தசோன் இருந்தது. தோல் நோய்க்குத் தடவிய களிம்பு என்றது பயிற்சியாளர் பாப் பாஃபர்ட் தரப்பு. ஆனாலும் 2022-ல் வெற்றி பறிபோனது. லாயத்துக்குள் வரும் ஒவ்வொரு களிம்புக்கும் பயிற்சியாளரே பொறுப்பு. மருந்தைத் தெரிந்தே தவறாகப் பயன்படுத்திய ஹோர்ஹே நவாரோவுக்கு 2021-ல் அமெரிக்க நீதிமன்றம் ஐந்து ஆண்டு சிறை கொடுத்தது. அவரிடம் இல்லாமல் போனது அறிவு அல்ல.

நிறுத்திவைக்கும் திறமையைத்தான் யாரும் பட்டியலில் எழுதுவதில்லை. 1996-ல் பிரீடர்ஸ் கப் மைல் வென்ற டா ஹாஸ், காயங்களால் ஏறக்குறைய இரண்டு ஆண்டு களம் காணவில்லை. அதன் பயிற்சியாளர் மைக்கேல் டிக்கின்சன் இடையில் ஒரே ஒரு சிறு பந்தயம் மட்டும் கொடுத்து, 1998-ல் அதே பந்தயத்துக்குக் கொண்டுபோய் மறுபடி வென்றார். அத்தனை மாதமும் தீவனச் செலவு ஓடுகிறது, ஓனர் போன் செய்கிறார், ஓடாத குதிரை பரிசும் கொண்டுவராது. அப்போது "இன்னும் ஆகவில்லை" என்று சொல்ல வாய் வர வேண்டும். பணக் கணக்குக்கு இங்கேதான் உண்மையான மதிப்பு: அடுத்த மாதச் சம்பளத்துக்கு வழியில்லாதவர் கால் சூடாக இருந்தாலும் ஓட்டத்தான் அனுப்புவார்.

மெட்ராஸ் ரேஸ் கிளப் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டத்தைவிடத் திறமையை நம்பியது என்று தீர்ப்பளித்தது. சரிதான். அந்தத் திறமையைச் சோதித்து உரிமம் தரும் முறைதான் இன்னும் தேர்ச்சி பெறவில்லை. பிரிட்டனில் உரிமம் கேட்பவர் நியூமார்க்கெட்டிலோ டான்காஸ்டரிலோ குதிரைப் பராமரிப்பு, தொழில் நிர்வாகம், பணியாளர் நிர்வாகம் ஆகிய பாடங்களை முடித்தாக வேண்டும். நல்ல ஏற்பாடு, கடனில் மூழ்கும் லாயங்களையாவது குறைக்கும். ஆனால் வகுப்பில் சோதிக்க முடிந்ததை மட்டுமே அது சோதிக்கிறது.

ஆகவே என் வரிசை இது. கட்டாயம் மூன்று: கால் பார்க்கும் கை, எலும்பு எப்படிப் பழகும், தசைநாண் எப்படித் தேயும் என்ற அறிவு, ஓனரிடம் மறுத்துப் பேசும் துணிவு. நிர்வாகம் அந்தத் துணிவைத் தாங்குகிற அளவுக்கு இருந்தால் போதும். சவாரியும் குடும்பமும் இருந்தால் நல்லது. முதல் மூன்றும் வேறொருவர் லாயத்தில் உதவியாளராகச் சில ஆண்டுகள் நின்றால் மட்டுமே சேரும் என்பதால், வகுப்புச் சான்றிதழைவிட அந்த ஆண்டுகளுக்கே அதிக மதிப்பெண் தர வேண்டும். உரிமக் குழு வெற்றிப் பட்டியலோடு, உதவியாளராக இருந்த அந்தக் காலத்தில் விண்ணப்பதாரர் எந்தக் குதிரையை எந்தக் காரணத்துக்காக நிறுத்தச் சொன்னார் என்ற பதிவையும் வாங்கிப் பார்க்கலாம்.