முட்டைக் கதைகள்

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் பஸ்ஸில் போனபோது கையில் ஒரு தொடர்கதை இருந்தது. கதாநாயகியின் அறைக் கதவை யாரோ தட்டுகிறார்கள். யார் என்று தெரிவதற்குள் அரியலூர் வந்துவிட்டது. வழியில் என்ன பார்த்தாய் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை.

இத்தனைக்கும் அந்தச் சீமை ஒரு காலத்தில் கடல் கிடந்த இடம். அரியலூர்ச் சிமெண்டு ஆலைகளுக்குப் போகும் சுண்ணாம்புக்கல், அந்தக் கடல் விட்டுப்போன சொத்துதான். சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. வயது ஏறக்குறைய 12 கோடி வருஷம். புவியியல் துறை டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-ல்தான் அதை வெளியுலகுக்குச் சொன்னார்.

2020-ல் குன்னத்துக் குளம் ஒன்றில் உருண்டைக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் பேச்சு. விஷயம் தெரிந்தவர்களோ, முட்டையல்ல, அம்மோனைட் என்ற கடற்பிராணியின் படிவம் என்றார்கள். செய்தியைப் படித்ததும் எனக்குச் 'சே!' என்று போய்விட்டது. அந்தச் 'சே'தான் இப்போது உறுத்துகிறது. அம்மோனைட்டின் ஓடு ஆட்டுக்கொம்பு போலச் சுருண்டது. உள்ளே அறை அறையாகத் தடுப்பு. வளர வளரப் பிராணி கடைசி அறைக்குக் குடிபோகும். காலி செய்த அறைகள் அதை மிதக்கவைக்கும். இதைத் தெரிந்துகொண்டவனுக்குத் தோட்டத்தில் காலை இடறும் கல்லைக்கூடக் குனிந்து பார்க்கத் தோன்றும். முட்டையைப் பற்றிய ஆவல் விடை கிடைத்ததும் செத்துவிட்டது. இந்த ஆவல் விடையில்தான் பிறக்கிறது.

நம் தொடர்கதைகளில் பெரும்பாலானவை முட்டைக் கதைகள். கதவைத் தட்டியவன் பால்காரன் என்று அடுத்த வாரம் தெரிந்தபின் அந்த அத்தியாயத்தை யார் திரும்பப் படிக்கிறார்கள்? நானும் கதவைத் தட்டவைத்தவன்தான். பத்திரிகைக்கு எழுதிப் பிழைப்பவன் தப்புவது கஷ்டம்.

கல்கியையும் இந்தக் கணக்கில் சேர்த்து ஒதுக்குவோர் உண்டு. நான் ஒப்பமாட்டேன். 1950-ல் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' வாராவாரம் வாசகரை ஏங்கவைத்தது மெய்தான். ஆனால் எடுத்த எடுப்பில் வந்தியத்தேவன் என்ன செய்கிறான்? ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையோடு குதிரையை மெல்ல விட்டு, வெள்ளத்தையும் ஜனங்களையும் வேடிக்கை பார்க்கிறான். நந்தினி யார் என்ற மர்மமெல்லாம் எனக்கு முதல் வாசிப்போடு தீர்ந்துபோயிற்று. ஏரி இன்னும் தீரவில்லை.

திரும்பும்போது புத்தகத்தைப் பைக்குள் போட்டுவிட்டேன். ஜன்னலோரம் இடம் கிடைக்கவில்லை. பக்கத்துப் பெரியவரின் தோளுக்கு மேல் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்ததில் அவருக்குக் கொஞ்சம் கோபம்.